எடைமேடைப் பாவாயியின் நெஞ்சுச் சத்தம்

அச்சாம்பாளையத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எடைமேடைப் பாவாயியின் நெஞ்சுச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கத் தொடங்கியபோது யாரும் வியந்து போகவில்லை. எந்த வண்டி என்றுதான் கேட்டார்கள். அது லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர். வீட்டுக்கு ஒரு பட்டறை, பட்டறைக்கு நாலு மேஸ்திரி, மேஸ்திரிக்கு நாற்பது அபிப்பிராயம் என்று வாழ்கிற ஊர். வானத்திலிருந்து சங்கு முழங்கினாலும் பெல்ட் லூசாகிவிட்டது என்று ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. டீக்கடையில் நின்றால் டீக்கடையில் கேட்டது, மாரியம்மன் கோயிலில் நின்றால் கருவறையில் கேட்டது, குளித்துக்கொண்டிருந்தவனுக்குச் சொம்புக்குள் கேட்டது. முதலில் மரம் அறுக்கிற மாதிரி ஒரு கர்ர்ர், அப்புறம் கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு டப். கர்ர்ர் டப், கர்ர்ர் டப், நிமிடத்துக்கு எழுபது தடவை. தெற்கே பைபாஸ் பாலம் தாண்டினால் கேட்காது, வடக்கே சுடுகாட்டு மேடு தாண்டினால் கேட்காது. மூன்று நாளில் நூற்றுப் பன்னிரண்டு இன்ஜின்களை இறக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு இன்ஜினிலும் ஏதோ ஒரு கோளாறு இருந்தது, அதனால் ஒவ்வொரு மேஸ்திரியும் தான் சொன்னதுதான் சரி என்று நம்பி வீட்டுக்குப் போனார்.

பாவாயிக்கு ஐம்பத்தேழு வயது. பைபாஸ் முக்கில் இருக்கும் எடைமேடையின் கூண்டறையில் முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்து, மேடை ஏறுகிற லாரிகளின் எடையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பவள். புருஷன் நாக்பூருக்கு வெங்காய லோடு கொண்டு போனவன், வெங்காயத்தை இறக்கிவிட்டு அங்கேயே இன்னொரு குடும்பத்தில் தானும் இறங்கிக்கொண்டான். மகள் தேவகிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. முப்பத்தோரு வருடத்தில் பாவாயி கற்றுக்கொண்டது ஒன்றுதான்: மனுஷன் வாயால் சொல்கிற எடையும் மேடை காட்டுகிற எடையும் ஒருநாளும் ஒன்றாக இருக்காது. ஊரையே அவள் அந்தக் கண்ணாடி ஜன்னல் வழியாக உதட்டைச் சுழித்தபடிதான் பார்த்துவந்தாள். ஊரும் அவளை, ஜன்னலுக்குள்ளிருந்து சீட்டோடு நீளும் ஒரு கையாக மட்டும்தான் பார்த்துவந்தது.

கண்டுபிடித்தவர் மாரப்பன் மேஸ்திரி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, உள்ளே எந்த வால்வு சரியாக உட்காரவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறவர். சத்தம் ஒரு நாளைக்கு நாலு தடவை திடீரென்று வேகம் பிடிப்பதைக் கவனித்தார். அந்த நாலு தடவையும் பாவாயி கூண்டறையின் மூன்று இரும்புப் படிகளில் ஏறுகிற நேரம் என்பதையும் கவனித்தார். நாலாம் நாள் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றார்.

“ஏனுங்க பாவாயக்கா, சித்த இதை நெஞ்சுல வெச்சுப் பாக்கட்டுங்களா?”

“வெச்சுப் பாரு. அப்புறம் அந்தக் கையில சோறு அள்ளித் திங்க முடியுதான்னும் பாரு.”

அவள் கோபப்பட்ட அந்த நொடியில் ஊர் முழுக்கச் சத்தம் நூற்றுப் பத்துக்கு எகிறியது. வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவன் ஒரு கதவைக் கோணலாக ஒட்டினான். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் அச்சாம்பாளையம் அந்தச் சத்தத்தை எப்படித் தின்று செரித்தது என்பதைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் பட்டறைக்காரர்கள் அந்தத் தாளத்துக்கு ஆணி அடித்தார்கள், இரண்டாம் வாரம் தாளம் இல்லாமல் ஆணி அடிக்கத் தெரியாது என்றார்கள். கைக்குழந்தைகள் அதைக் கேட்டுத் தூங்கின, கோயில் பூசாரி மணியடிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா தட்டைக் காட்டினார், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் விசிலைக் கழற்றி மேஜைக்குள் போட்டார். லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் ஆறுச்சாமி, எந்தக் காரியத்திலும் கடைசியாக வந்து முதல் நாற்காலியில் உட்காருகிறவர், பைபாஸ் பாலத்தடியில் ‘இதய ஒலி எல்லை ஆரம்பம், அமைதி காக்கவும்’ என்று பலகை நட்டார், கீழே தன் படத்தையும் போட்டுக்கொண்டார். முகூர்த்த நேரத்தில் பாவாயி படியேறக் கூடாது, இன்ஜின் டியூன் பண்ணும் நேரத்தில் யாரும் அவளிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். அவளுக்கு மூச்சு வாங்குகிறதே, மூன்று படி ஏறுவதற்கு இரண்டு இடத்தில் நிற்கிறாளே என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அது தீர்மானத்தில் இல்லை.

தேவகிதான் அடம்பிடித்துக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் மெர்லின் நாகர்கோவில் பக்கத்துப் பெண், நாற்பது வயதிருக்கும், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவள். பாவாயியைப் படுக்கவைத்து மார்பில் கருவியை வைத்து எக்கோ எடுத்தாள். திரையில் ஏதோ ஒன்று விறைப்பாக, திறக்க மனசில்லாத மாதிரி அசைந்தது.

“இதயத்திலிருந்து உடம்புக்கெல்லாம் ரத்தம் போற வாசல் இதும்மா. மூணு இதழ் இருக்கணும். உங்களுக்குப் பிறக்கும்போதே ரெண்டுதான். அதுல இத்தனை வருஷமா சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப்போச்சு. கட்டைவிரல் அளவு திறக்க வேண்டியது பென்சில் அளவுகூடத் திறக்கல. அதுக்குள்ள ரத்தம் பீச்சிட்டுப் போற சத்தம்தான் அந்தக் கரகரப்பு.”

“மாத்திரை குடு கண்ணு, தின்னுக்கறேன்.”

“மாத்திரைக்கு இது கரையாது. வால்வை மாத்தணும். மூச்சு வாங்க ஆரம்பிச்ச பிறகு தள்ளிப்போட்டா ரெண்டு மூணு வருஷம் தாண்டுறது கஷ்டம். மயக்கம் வந்துட்டா அதுவும் இல்ல.”

ஊருக்கு வந்து சொன்னபோது சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. ஆறுச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, உடம்பு வேண்டுமானால் பாவாயியுடையது, சத்தம் ஊர்ப் பொதுச் சொத்து, அதை எடுக்க ஒரு வெளியூர் டாக்டருக்கு அதிகாரம் கிடையாது என்றார். கைதட்டினார்கள். “வால்வு மேட்டருக்கு நம்மளை மிஞ்சி எவனுங்க இருக்கறான்?” என்று ஒருவன் கேட்டான், அதற்கும் கைதட்டினார்கள். ரேடியேட்டரில் சுண்ணாம்பு படிந்தால் புளிக்கரைசல் ஊற்றிக் கழுவுவது அந்த ஊர் வழக்கம். ஆகவே நாற்பத்தெட்டு நாள் பாவாயிக்குக் காலையில் ஒரு சொம்பு புளிக்கரைசல், மாலையில் ஒரு சொம்பு எலுமிச்சை என்று ஏகமனதாக முடிவானது.

பாவாயி ஏன் குடித்தாள் என்பதைத்தான் அவள் அப்புறம் ஆயுசுக்கும் நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். பயம் ஒரு காரணம். நெஞ்செலும்பை அறுப்பார்கள் என்று கேட்டதிலிருந்து பட்டறையில் ரம்பச் சத்தம் கேட்டாலே கூண்டறை ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஆனால் பயம் பாதிதான். முப்பத்தோரு வருடம் ‘ஏய் சீட்டு’ என்று கை நீட்டிய ஆறுச்சாமி இப்போது ‘பாவாயம்மா’ என்று கூப்பிட்டார். கூண்டறையில் மெத்தை வைத்த நாற்காலி வந்தது. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஊரையே உதட்டைச் சுழித்துப் பார்த்த பாவாயிக்கு, அந்த ஊர் தன்னைத் திரும்பிப் பார்த்ததும் உள்ளுக்குள் இனித்தது. இந்தப் பிச்சைக்கா இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று பிற்பாடு வெட்கப்பட்டாள். அப்போது புளிக்கரைசலை மடமடவென்று குடித்தாள்.

முப்பதாம் நாள் சத்தம் குறையத் தொடங்கியது. முதலில் அந்த டப் போயிற்று. அப்புறம் கர்ர்ர் மெலிந்து மெலிந்து, தூரத்தில் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி ஆனது. ஊர் துள்ளிக் குதித்தது. கோளாறான வண்டி சத்தம் போடும், சரியான வண்டி போடாது; பரம்பரை பரம்பரையாக அவர்கள் அறிந்த ஒரே வைத்தியம் இதுதான். சாமி மாதிரி கும்பிட்ட சத்தம் குறைகிறதே என்று ஒருவரும் வருத்தப்படவில்லை, ஏனென்றால் குறைத்தது தாங்கள் அல்லவா. ஆறுச்சாமி பாவாயியைப் பக்கத்து டவுன் ஸ்கேன் சென்டருக்குத் தன் காரிலேயே கூட்டிப்போய் எக்கோ எடுத்தார். வாசலில் அழுத்தம் முன்னைவிடப் பாதிக்கும் கீழே, அடைப்பு நடுத்தரம் என்று காகிதம் வந்தது. காகிதத்தைப் பெரிதாக நகலெடுத்துக் கோயில் சுவரில் ஒட்டினார்கள், ஐந்நூறு பேருக்குக் கிடா விருந்து போட்டார்கள், புளிக்கரைசலுக்கு ஒரு பெயர் வைத்துப் பாட்டிலில் அடைக்கலாமா என்றுகூடப் பேசினார்கள்.

விருந்தில் ஒருவர் மட்டும் சாப்பிடாமல் இலையை மடித்தார். மாரப்பன் மேஸ்திரிக்கு அந்த டப் போன நாளிலிருந்தே மனசு சரியில்லை. வால்வு உட்காருகிற சத்தமே இல்லையென்றால் அது சரியான வால்வு இல்லை என்று அவர் காது சொன்னது. ஐந்நூறு பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது காது சொன்னதை வாய் சொல்லவில்லை.

மறுநாள் காலை பாவாயி கூண்டறையின் இரண்டாவது படியில் கால் வைத்தாள். கண் இருட்டியது. விழுந்தபோது மேடையில் நின்றிருந்த சரக்கு லாரியின் டிரைவர் ஹார்ன் அடித்தான், சீட்டு வர நேரமாகிறது என்று.

தூக்கியவர் மாரப்பன். சங்கத்தைக் கேட்காமல், ஆறுச்சாமியைக் கேட்காமல், தன் பழைய வேனில் ஏற்றி, தேவகிக்குப் போன் போட்டுவிட்டு, கோயமுத்தூருக்கு விட்டார். வழியில் நினைவு வந்ததும் பாவாயி கேட்டாள்:

“சத்தந்தான் கொறஞ்சுபோச்சே மேஸ்திரி. அப்புறம் என்ன கேடு?”

“டப் போச்சுன்னு அன்னிக்கே தெரிஞ்சுதுங்க அக்கா. சொல்லாம விட்டுப்போட்டேன்.”

“ஏன்?”

“எல்லாரும் சந்தோசமா இருந்தாங்க.”

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைவிடக் கேவலமான பதிலை அவள் எடைமேடையில்கூடக் கேட்டதில்லை. தானும் அதே காரணத்துக்குத்தான் குடித்தோம் என்று நினைத்தபோது இன்னும் எரிந்தது.

டாக்டர் மெர்லின் ஸ்கேன் சென்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். பழைய எக்கோவையும் புதிய எக்கோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“வாசல் அகலமானதால அழுத்தம் குறையலம்மா. தள்ள இதயத்துக்குச் சக்தி இல்ல, அதனால குறைஞ்சிருக்கு. ரத்தம் வேகமா போனாத்தானே சத்தம் வரும்? ஆனா இதை நான் வாயால சொன்னா போதாது. மருந்து ஏத்திக் கொஞ்ச நேரம் இதயத்தை ஓங்கி அடிக்க வைப்போம். அப்ப வாசல் விரிஞ்சு கொடுத்தா பழி வேற இடத்துல. விரியாம அழுத்தம் மட்டும் ஏறுச்சுன்னா பழி வால்வு மேலதான்.”

வாசலில் நின்றிருந்த மாரப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “லோடு ஏத்திப் பாக்கோணும்,” என்றார் தனக்குத்தானே. “நிக்கற வண்டில சத்தம் கேட்டு என்னத்தத் தெரியும்? நாப்பது வருசமா மத்தவனுக்கு இதைத்தான் சொல்லிக் குடுக்கறேன்.”

கையில் ஊசி குத்தி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை அளவைக் கூட்டினார்கள். பாவாயி இடதுபக்கமாய் ஒருக்களித்துப் படுத்து, நெஞ்சுக்குள் யாரோ கதவை இடிக்கிற மாதிரி உணர்ந்தாள். திரையில் வேகம் ஏறியது, அழுத்தம் இரண்டு பங்கானது, வாசல் மயிரிழைகூட விரியவில்லை. அங்கே அறுபது கிலோமீட்டர் தள்ளி அச்சாம்பாளையத்தில், தூரத்து முறம் மாதிரி சலசலத்துக்கொண்டிருந்த சத்தம் படிப்படியாக உரத்து, ஊரே ஒரு பெரிய ரம்பத்தின் பல்லுக்குக் கீழே மாட்டிக்கொண்ட மாதிரி அலறத் தொடங்கியது. நட்டுகள் தாமாகக் கழன்றன, கோயில் சுவரில் ஒட்டிய காகிதம் மேலிருந்து கீழே கிழிந்தது, பட்டறைகளில் நின்ற அத்தனை லாரிகளின் ஹார்ன்களும் ஆள் தொடாமல் அலறின, குழந்தைகள் எழுந்து அழுதன. கொஞ்ச நேரம்தான். மருந்தை நிறுத்தியதும் அடங்கியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் நெஞ்சின் உண்மை அத்தனை பேர் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன செய்ய? டாக்டர் ஏதோ செய்து சாமியைக் கோபப்படுத்திவிட்டாள் என்று ஆறுச்சாமி சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள்.

பாவாயி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாள். தடுக்க வந்து ஆஸ்பத்திரி கேட்டில் நின்ற சங்கத்து ஆட்கள் இரண்டு பேரிடம் தேவகி பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று உறுதிசெய்துகொண்டார்கள், சொத்தைப் பல்லில் இருக்கிற கிருமி புது வால்வில் போய் உட்காரும் என்று இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர், பலவீனமான இதயம், நூறு பேரில் சிலர் மேஜையிலிருந்து எழுவதில்லை, ஆனால் செய்யாமல் விட்டால் அநேகமாக யாருமே எழுவதில்லை என்று ஒளிக்காமல் சொன்னாள். முப்பத்தோரு வருடத்தில் பாவாயியிடம் சரியான எடையைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அதற்காகவே பாவாயி நம்பினாள். நம்பினாலும் தேவகியின் கையை விடமாட்டேன் என்று கடைசிக் கதவுவரை பிடித்துக்கொண்டு அழுதாள்.

காலை பத்தரைக்கு மெஷின் அவளுக்காக மூச்சுவிட, ரத்தம் ஓட்ட, இதயத்தை நிறுத்தினார்கள். அச்சாம்பாளையத்தில் சத்தம் நின்றது. சுத்தியல்கள் அந்தரத்தில் நின்றன. பத்து நிமிடம் பார்த்தார்கள், வரவில்லை. பதினோராவது நிமிடம் ஆறுச்சாமி ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் செய்தார். பன்னிரண்டு மணிக்கு ‘ஊரின் இதயமே, எங்கே சென்றாய்?’ என்று கண்ணீர் அஞ்சலிப் பேனர் பைபாஸ் முக்கில் ஏறிவிட்டது. பாவாயியின் படம் உள்ளங்கை அகலம், ஆறுச்சாமியின் படம் ஆள் உயரம். ஒரு மணிக்கு, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று தேவகி மாரப்பனுக்குப் போன் செய்தாள். அவர் போய்ச் சொன்னபோது, அடித்த பேனரை என்ன செய்வது என்றுதான் முதலில் யோசித்தார்கள்.

ஏழு வாரம் கழித்துப் பாவாயி வந்தாள். மார்பில் நேர்கோடாக ஒரு தழும்பு, பையில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் சாப்பிட வேண்டிய மாத்திரை, மாதாமாதம் ரத்தம் சோதிக்கிற சீட்டு, ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. புட்டியில் வெட்டி எடுத்த வால்வு, பல்லிமுட்டைத் தோலை நொறுக்கிப்போட்ட மாதிரி நாலைந்து வெள்ளைத் துணுக்கு. கேட்டு வாங்கி வந்திருந்தாள். பைபாஸ் முக்கில் இறங்கியபோது அவளுடைய அஞ்சலிப் பேனர் ஒரு சிமெண்ட் லாரிக்குத் தார்ப்பாயாகப் போய்க்கொண்டிருந்தது.

சங்கம் திரண்டு வந்தது. சத்தம்தான் போய்விட்டது, அந்த வால்வையாவது கொடுத்தால் கோயிலில் வெள்ளிப் பேழையில் வைத்துக் கும்பிடுவோம் என்றார் ஆறுச்சாமி. பதினோரு பேர் எடைமேடையின் இரும்புத் தகட்டில் நின்றிருந்தார்கள். பாவாயி புட்டியை அவர்கள் நடுவில் வைத்துவிட்டு, திரும்பி, மூன்று படிகளையும் நிற்காமல் ஏறினாள். இரண்டாவது படியில் நிற்கவில்லை என்பதை அவள் மட்டும்தான் கவனித்தாள். கூண்டறைக்குள் திரையில் 790 என்று வந்தது.

“எத்தனைங்க பாவாயம்மா?” என்றார் ஆறுச்சாமி கண் விரிய.

“எழுநூத்தித் தொண்ணூறு கிலோ.”

“பாத்தீங்களா! சாமி எடை!” கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“ஒவ்வொருத்தரா எறங்குங்க,” என்றாள் பாவாயி.

ஒருவர் இறங்கினார், எண் குறைந்தது. இன்னொருவர் இறங்கினார், இன்னும் குறைந்தது. கடைசியாக ஆறுச்சாமி இறங்கினார், அவர் மட்டும் நூற்றுப் பத்து. தகட்டில் புட்டி தனியாக வெயிலில் நின்றது. பத்துக் கிலோவுக்குக் கீழே அந்த மேடைக்குக் கண் தெரியாது. பாவாயி பொத்தானை அழுத்திச் சீட்டு அடித்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். தேதி, நேரம், சரக்கு என்ற இடத்தில் வால்வு, எடை என்ற இடத்தில் பூஜ்யம்.

“இதுக்குத்தானுங்க என்னைக் கொல்லப் பாத்தீங்க,” என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது, உடைந்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

அவர்கள் சீட்டை வாங்கி, திருப்பித் திருப்பிப் படித்து, மரியாதையாக மடித்து, லேமினேட் செய்து கோயிலில் மாட்டுவது என்று நின்ற இடத்திலேயே தீர்மானம் போட்டார்கள். புட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மாரப்பன் மட்டும் ஜன்னலடியில் தயங்கி நின்றார். கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லை.

“புது வால்வுல சத்தம் ஏதாச்சும் வருதுங்களா அக்கா?”

பாவாயி நாற்காலியில் சாய்ந்தாள். மெத்தையைச் சங்கத்துக்காரர்கள் எப்போதோ எடுத்துப்போயிருந்தார்கள். நெஞ்சுக்குள்ளே, கைக்கடிகாரம் மாதிரிச் சன்னமாக, அவள் காதுக்கு மட்டும், டிக், டிக், டிக் என்று அது திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“ஒண்ணும் கேக்கலீங்களே,” என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டியை மேடையேறச் சொல்லிக் கையசைத்தாள்.